நாய்க்குச் செருப்பு ஏது?

"மலைக்குப் போய் வரலாமா?" என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பரீட்சை, இன்னொருவருக்கோ, "மலையில் என்ன இருக்கிறது, கல்லுதானே?" என்ற தத்துவ விசாரம். நாயிடம் கேட்கவே வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது வாசற்படியில் வந்து நிற்கும். எங்கே, எத்தனை தூரம், எப்போது திரும்புவது என்ற கேள்விகளெல்லாம் அதற்குக் கிடையா. இந்தக் குணத்தை வெகு காலம் வரையில் ஒரு பெரிய சௌகரியம் என்றே நான் எண்ணியிருந்தேன். அது சௌகரியமல்ல, நம் தலைமேல் ஏற்றப்பட்ட பொறுப்பு என்பது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர், சிப்பிப்பாறை ஜாதி. வருவோர் போவோரெல்லாம், "நாய்க்குச் சோறு போடுவதில்லையா?" என்று கேட்கும்படியான ஒல்லி உடம்பு, ஆனால் ஓடத் தொடங்கினால் கண் பின்தொடர முடியாத வேகம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை என்று நம் தென்பாண்டிச் சீமைக்கே உரிய நாய் ஜாதிகள் சில இருக்கின்றன. இவற்றில் ராஜபாளையத்துக்கு இந்தியத் தபால் இலாகா 2005-ஆம் வருஷம் ஒரு தபால் தலை வெளியிட்டுக் கௌரவம் செய்தது. நம் ஊர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்கு வெயில் என்ன செய்துவிடும் என்ற ஒரு மமதை எனக்கு இருந்தது. அந்த மமதையோடுதான் நானும் மணியும் அன்று சமணர் மலைக்குப் புறப்பட்டோம்.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் இருக்கிறது அந்த மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைத் தடாகம், விழுதுவிட்ட ஆலமரம். மேலே ஆயிரம் வருஷத்துக்கு முன் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துச் சாசனங்களும். விடியற்காலையில் ஏறியபோது மணிக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. சிற்பங்களின் அருகே அதை விடலாகாது என்று, சற்றுத் தள்ளி ஒரு பாறை நிழலில் கட்டி வைத்தேன். பிறகு சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். சூரியன் நகர்ந்தது, நிழலும் நகர்ந்தது, கட்டியிருந்த நாய்தான் நகர முடியவில்லை. நான் திரும்பி வந்து பார்க்கையில் மணி பத்தாகியிருந்தது. கொண்டுபோன ஒரு புட்டித் தண்ணீரில் முக்கால் பங்கை நானே குடித்திருந்தேன்.

இறங்கும்போது மணி ஒரு காலை எடுத்து மறு காலை வைத்து ஒரு விதமாக நடந்தது. செடியின் நிழல் ஒரு சாண் கிடைத்தாலும் அதில் போய் நின்றது. பாதி வழியில் உட்கார்ந்தேவிட்டது. "சோம்பேறி!" என்று சொல்லி வாரைப் பிடித்து இழுத்தேன். இழுத்ததும் எழுந்து வந்தது. அதை இன்று நினைத்தாலும் என் மனம் பதறுகிறது. முடியாது என்று அது மறுத்திருக்கலாம், உறுமியிருக்கலாம். அப்படியெல்லாம் செய்யாமல், நான் இழுத்த பக்கமெல்லாம் வந்தது. அடிவாரத்தை அடைந்ததும் கால்கள் பின்னிக்கொள்ளத் தள்ளாடி விழுந்தது. ஈறுகள் செக்கச் செவேலென்றிருந்தன; வாயிலிருந்து கோந்து போல் எச்சில் வழிந்தது.

ஆலமரத்தடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓடிவந்து நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனப்பு, நீ செருப்புப் போட்டிருக்கே, நாய்க்குச் செருப்பு ஏது?" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? மிச்சமிருந்த தண்ணீரை நான் அதன் வாயில் ஊற்றப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். "வாயிலே ஊத்தாதே, மூச்சிலே ஏறிப் போகும். மேலே ஊத்து!" என்று சொல்லி, குடத்துத் தண்ணீரை அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டே இருந்தார். நான் துண்டை எடுத்து விசிறினேன். கால் மணி நேரம் கழித்துத்தான் அதன் கண்ணில் பார்வை திரும்பிற்று. அதன் பிறகே வண்டி பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

வைத்தியர் முதலில் கேட்டது, "தண்ணீர் ஊற்றினீர்களா?" என்பதுதான். முதலில் குளிர வைப்பது, பிறகே வண்டி ஏற்றுவது என்பதுதான் இக்காலத்து வைத்திய சாஸ்திரமும் சொல்லும் முறையாம். ஆட்டுக்காரப் பெரியவர் எந்தப் புஸ்தகமும் படிக்காமலே அதைச் செய்திருந்தார். நாயின் இயல்பான உடற்சூடு சுமார் 101 முதல் 102½ டிகிரி வரை. 106-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில்தான் கொஞ்சம் வேர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது ஒன்றே அது சூடு தணித்துக்கொள்ளும் பிரதான வழி. சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். மணி இரண்டு நாளில் தேறிவிட்டது. வெந்துபோன பாதங்கள் ஆற மூன்று வாரம் பிடித்தது.

நாயோடு வெளியே செல்லும் அன்பர்களுக்கு, நான் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றதை இலவசமாகவே சொல்லிவிடுகிறேன். புறங்கையைப் பாறையிலோ தார் ரோட்டிலோ வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. தண்ணீரும் ஒரு கிண்ணமும் நாய்க்கென்று தனியாக எடுத்துச் செல்லுங்கள். தேங்கிக் கிடக்கும் குட்டை நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் அதன் வழியாக வரும். வீடு திரும்பியதும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வெறிநாய்க்கடிக்கான ஊசியை நாய்க்குத் தவறாமல் போட்டுவர வேண்டும். 1885-இல் பாஸ்டர் பாரிஸ் நகரத்தில் அந்தச் சிகிச்சையை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செய்தார். 1907-இலேயே நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அப்படியிருந்தும், நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை என்ற நிலை இன்றும் மாறவில்லை. வழியில் அயல் நாய் எதுவும் உங்களைக் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காட்டுச் சரணாலயங்களுக்கு நாயை அழைத்துப் போகவே கூடாது. நம் நாயின் நோய் காட்டு மிருகங்களைத் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயினால்தான். 2018-இல் நம் கிர் வனத்திலும் அதே நோய் சிங்கங்களைத் தாக்கிற்று. முயல் வேட்டை சிப்பிப்பாறையின் குலத் தொழிலாயிற்றே என்பீர்கள். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குற்றம். ஆகவே வெளியிலும் வார் கையில் இருக்கட்டும்.

மகாபாரதத்தின் முடிவில் தர்மபுத்திரர், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வர மாட்டேன் என்று நின்ற கதையை நாம் அனைவரும் அறிவோம். அந்த நாய் மலையெல்லாம் ஏறி அவரைப் பின்தொடர்ந்ததை நான் முன்பெல்லாம் பெரிதாக வியந்ததுண்டு. இப்போது அதில் வியப்பு இல்லை. எந்த நாயும் அப்படித்தான் வரும், இழுத்தால் வெந்த காலோடும் வரும். நாய்க்காக மனிதர் ஒருவர் நின்றாரே, அதுதான் எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

மணியும் நானும் இப்போதும் போய்வருகிறோம். பொழுது புலருமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறோம். வழியில் அது உட்கார்ந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சில நாட்களில் மலை உச்சி வரை போவதில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை.