ஆழ்கடல் சுறா: சட்டம் எட்டாத ஆழம்

புது தில்லி: இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்வளத்தைப் பயன்படுத்துவதற்கான புதிய விதிகளை 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அம்மாத இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் தொடங்கிய 'சைட்டிஸ்' மாநாடு, 'கல்பர்' எனப்படும் ஆழ்கடல் சுறாக்களின் சர்வதேச வர்த்தகத்தை ஒழுங்குபடுத்த முடிவு செய்தது. முன்னது ஆழ்கடலுக்குச் செல்ல ஊக்குவிக்கிறது. பின்னது நிதானிக்கச் சொல்கிறது.

குருத்தெலும்பு மீனான இச்சுறா, கண்டத்திட்டு முடிந்து கடலடி சரியும் இடத்தில், சூரிய ஒளி எட்டாத இருளில் வாழ்கிறது. மிதப்பதற்கு உதவும் காற்றுப்பை இதற்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அப்பணியைச் செய்கிறது. அந்த எண்ணெயிலுள்ள 'ஸ்குவாலின்', அழகுசாதனப் பொருள்களிலும் சில தடுப்பூசிகளிலும் சேர்க்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்தே பருவமடையும் இச்சுறா, நெடுங்காலம் கருவைச் சுமந்து ஒரு சில குட்டிகளையே ஈனுகிறது. பிடித்துக் குறைத்தால் எளிதில் மீளாது.

அண்டை நாடான மாலத்தீவு இதற்குச் சான்று. அங்கு 1980-களில் ஈரல் எண்ணெய்க்காக உச்சத்தை எட்டிய கல்பர் சுறா பிடிப்பு விரைவிலேயே சரிந்தது. இங்கும் 2000-களில் கொச்சி துறைமுகத்தில் ஆழ்கடல் சுறாக்கள் பெருமளவில் வந்திறங்கின. கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் தூண்டில் படகுகளில் குமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்களின் பங்கு பெரிது.

சட்டத்தின் பார்வையோ கரையோரத்துடன் நின்றது. 2001-இல் சுறா, திருக்கை இனங்கள் அனைத்துக்கும் விதிக்கப்பட்ட தடை, மீனவர்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு டிசம்பரில் 10 வகைகளாகச் சுருங்கியது. அவற்றில் ஆழ்கடல் சுறா ஒன்றுகூட இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 'சைட்டிஸ்' பட்டியல் உயிரினங்களுக்குத் தனி அட்டவணை வகுத்தது.

'சைட்டிஸ்' இரண்டாம் பட்டியல் ஏற்றுமதியைத் தடை செய்வதில்லை. அதனால் இனம் அழியாது என்று நிரூபிக்கக் கோருகிறது. அதற்கு வகைவாரியான கணக்கு வேண்டும். ஆழ்கடலுக்கு அனுமதி வழங்குவது மீன்வள அமைச்சகம். சுறாவைக் காப்பது சுற்றுச்சூழல் அமைச்சகம். பிடிபடும் சுறாக்களை வகைவாரியாகப் பதிவு செய்வதை அனுமதிச் சீட்டின் நிபந்தனையாக்குவதே இரண்டையும் இணைக்கும் வழி. இப்பணியில் மீனவர்களையும் பங்காளிகளாக்க வேண்டும். தவறினால், கணக்கின்றி அனுமதித்துவிட்டு, சுறா அரிதானபின் ஒரே நாளில் தடை விதிக்கும் நிலை வரும். அப்போது இழப்பு கடலுக்கு மட்டுமல்ல, கடன் வாங்கிப் படகு கட்டிய மீனவருக்கும்தான்.