காளான் வாடினால் நட்டம் யாருக்கு?

வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கலாம், சிறு முதல் போதும் என்ற பேச்சு எமது ஊர்களில் புதிதல்ல. பயிற்சிக்குச் செல்கிறார்கள், விதை வாங்குகிறார்கள், வளவில் சிறு குடிலும் அமைக்கிறார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் வெறும் குடில்தான் நிற்கிறது. சோம்பல் என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். தவறில் ஒரு பங்கு கடைக்காரர்களாகிய எம்மிடமும் இருக்கிறது என்பதே என் அனுபவம்.

எமது தெருவில் கணவரை இழந்த சகோதரி ஒருவர் இதைத் தொடங்கினார். வேலை இலேசானதல்ல. 10 கிலோ இறப்பர் மரத்தூளுக்கு ஒரு கிலோ அளவில் அரிசித் தவிடு, சிறிது சுண்ணாம்புத் தூள், பயற்றம் மா சேர்த்து ஈரமாக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். தண்ணீர் ஒழுகக் கூடாது. பொலித்தீன் பைகளில் இறுக்கி நிரப்பி, பீப்பாயில் பல மணி நேரம் ஆவியில் அவித்து, ஆறிய பின்பே விதையிட வேண்டும். விதை என்பது தானியத்தில் வளர்த்தெடுத்த வெண்ணிறப் பூஞ்சண இழை. அதில் பச்சையோ கறுப்போ தெரிந்தால் வாங்கவே கூடாது. சுத்தம் குறைந்தால் பச்சைப் பூஞ்சணம் பிடித்துப் பை வீணாகும். பை முழுவதும் வெண்மை பரவ ஒரு மாதமளவு செல்லும். அதன் பிறகும் குடிலின் ஈரம் காயாதபடி தினமும் நீர் தெளிக்க வேண்டும்.

இத்தனையும் செய்து பறித்த காளானை 200 கிராம் பைக்கற்றுகளாக அவர் என் கடைக்குக் கொண்டு வந்தார். "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு, மிஞ்சினால் திருப்பித் தருவேன்" என்றேன். வெளியில் வைத்தால் சிப்பிக் காளான் ஓரிரு நாளில் வாடிவிடும். நானோ பிஸ்கட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாதியைத் திருப்பிக் கொடுத்தபோது, "நானா, இதை ஆடும் தின்னாதே" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. பெரிய கம்பனி திருப்பி எடுக்கும் பொருளின் நட்டத்தைப் பல கடைகளின் விற்பனையில் ஈடுசெய்துகொள்ளும். நூறு பை வைத்திருக்கும் ஒரு பெண் எதில் ஈடுசெய்வார்?

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, இத்தனை பைக்கற்று என்று சொல்லி அனுப்புகிறேன். கைக்காசு கொடுக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு ஒதுக்கியுள்ளேன். மிஞ்சினால் நட்டம் என்னுடையது. நட்டம் என்னுடையதான பிறகுதான் விற்பதில் எனக்கு அக்கறை வந்தது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் நானே பேசிக் கொடுத்தேன்.

அவரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன். எல்லாப் பைகளுக்கும் ஒரே நாளில் விதையிட்டால் ஒரே வாரத்தில் குவியும், அடுத்த வாரம் ஒன்றுமிராது. வாரத்துக்குச் சிறிதாகப் பிரித்து விதையிட்டால் எனக்கும் தட்டுப்பாடில்லை, அவருக்கும் வருமானம் தொடரும்.

வியாபாரிகளே, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் பைக்கற்றுடன் வருவார். கடனுக்கு வைத்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். ஐந்து பைக்கற்று போதும், காசு கொடுத்து வாங்குங்கள். அந்தக் குடில் வெறுமையாகாமல் இருப்பது எமது கையிலும் இருக்கிறது.