கோளத்தின் நடுவில் ஒன்றுமில்லை

மின்னூட்டம் பெற்ற உலோகக் கோளத்துக்குள் மின்புலம் சுழி. பரப்பை ஒட்டி வெளியே அது உச்சம்; அங்கிருந்து விலக விலக, மையத்திலிருந்து அளந்த தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையும். இவ்வளவுதான் விஷயம். ஆனாலும் நெருங்க நெருங்கப் புலம் ஏறிக்கொண்டே போய் நடுவில் எல்லையற்றதாகும் என்ற நம்பிக்கை சாகமாட்டேன் என்கிறது. அண்மையில் கடைக்கு வந்த ஒரு தேர்வுக் கையேட்டில், வரைபடக் கோடு கோளத்தின் பரப்பைக் கண்டுகொள்ளாமல் உள்ளே நுழைந்து மையத்தில் வானத்தைத் தொடுகிறது. அச்சில் ஏறிவிட்டதால் அது அறிவியலும் ஆகிவிட்டது.

1836-இல் மைக்கேல் ஃபாரடே, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பக்கத்துக்கு 12 அடி கொண்ட பெட்டியைக் கட்டி, அதைக் கடத்தியால் போர்த்தி, உள்ளே போய் இருந்தார். பெட்டிக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளிப்பக்கம் பொறி பறந்தது. மெழுகுவத்தியும் மின்காட்டியும் வைத்து உள்ளே தேடியவருக்கு மின்விளைவின் சுவடுகூட அகப்படவில்லை. கையேட்டின் கோடு மெய்யென்றால் மனிதர் அன்றே கருகியிருக்க வேண்டும். அவர் அதன் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இத்தனைக்கும் அது கோளம்கூட அல்ல, பெட்டி.

காரணம் எளிது. கடத்தியில் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கிப் பரப்பில் போய்த் தங்குகின்றன. கோளத்துக்குள் ஒரு புள்ளி ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருந்தால், அருகிலுள்ள சுவர்த்துண்டு சிறியது, எதிர்ப்பக்கத் துண்டு பெரியது. துண்டின் பரப்பு தொலைவின் இருமடியில் கூடுகிறது, அதன் விளைவு அதே இருமடியில் குறைகிறது. இரண்டும் சரியாக அடிபட்டுப் போகின்றன. ஈர்ப்புக்கு நியூட்டன் இதை 1687-லேயே நிறுவிவிட்டார். ஆக, இருமடி விதியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மையத்தில் முடிவிலியைத் தேடுகிறவர்களுக்கு, அதே விதிதான் அங்கே சுழியைத் தருகிறது என்பது தெரியவில்லை. கேவண்டிஷ் 1770-களில் இந்தச் சுழியை வைத்துத்தான் விதியையே சோதித்தார்.

10 செ.மீ. ஆரமுள்ள கோளத்தில் 1 மைக்ரோகூலூம் மின்னூட்டம் இருந்தால், பரப்பில் புலம் மீட்டருக்கு 9 லட்சம் வோல்ட். பரப்பிலிருந்து 10 செ.மீ. தள்ளினால் கால் பங்கு, 2.25 லட்சம், 20 செ.மீ. தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு, 1 லட்சம். தொலைவைப் பரப்பிலிருந்து அளக்கும் அறிவாளிகளுக்குத் தொட்ட இடத்திலேயே முடிவிலி வந்துவிடும். உடல் முழுதும் சீராக மின்னூட்டம் பரவிய காப்பான் கோளத்தில் உள்ளே புலம் உண்டு; அது மையத்திலிருந்து நேர்விகிதத்தில் வளர்ந்து பரப்பில் உச்சம் தொடும். அங்கும் நடுவில் சுழிதான்.

புலம் சுழி என்றதும் மின்னழுத்தமும் சுழி என்று எழுதி மதிப்பெண் இழப்பது இதன் உடன்பிறப்பு. மேற்சொன்ன உலோகக் கோளத்துக்குள் எங்கும் 90,000 வோல்ட் மாறாமல் நிற்கிறது. மாறாததால்தான் புலமே இல்லை. ஃபாரடேயின் பெட்டிக்கும் அதுவே கதை.

அடுத்தது, இடி மின்னலில் காருக்குள் இருப்பவரைக் காப்பது ரப்பர் சக்கரம் என்னும் கதை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வரும் மின்னல், தரையிலிருந்து சில அங்குல ரப்பரைக் கண்டு திரும்பிப் போகுமாம்! காப்பது கூரையும் கதவுமான உலோகக் கூடு, அதாவது ஃபாரடேயின் பெட்டி. இருசக்கர வண்டிக்கும் சக்கரம் ரப்பர்தான். ஓட்டுபவரைச் சுற்றிக் கூடு இல்லை.