வழுக்கி விழுந்தவர்கள் கணக்கு

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கு,



போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அரசு மருத்துவமனைக் கட்டிலில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். வலது கையில் மாவுக்கட்டு. பட்டாக்கத்தியைக் காட்டி ரீல்ஸ் போட்டவனாம், போலீசைக் கண்டு ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்துவிட்டானாம். அண்ணி கைதட்டும் பொம்மை மூன்று போட்டார். பெரியப்பா மகன், "ஸ்டேஷன் பாத்ரூமை யாராவது கழுவி விடுங்கப்பா, ரொம்ப வழுக்குது" என்று எழுதினான். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் இன்னொரு குழுவுக்கும் தள்ளிவிட்டேன். ஆகவே இந்த மடலை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டாளி ஒருவனின் வாக்குமூலமாகவே படியுங்கள்.

எலும்பு முறிந்தால் போடும் வைத்தியத்துக்குத்தான் ஒரு காலத்தில் மாவுக்கட்டு என்று பேர். இன்று அது ஒரு தண்டனையின் பேராகிவிட்டது. 'குண்டாஸ் போட்டாங்க' என்பதைப் போலவே 'மாவுக்கட்டு போட்டாங்க' என்கிறோம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தத் தண்டனைக்கு விசாரணை கிடையாது, மேல்முறையீடு கிடையாது. ஆனால் அறிவிப்பு உண்டு. கட்டுப் போட்ட கையோடு கும்பிடும் படம் அன்று மாலைக்குள் ஊர் முழுக்க வந்துவிடுகிறது. காவலில் இருக்கும் ஒருவனை, காவலர்கள் சூழ்ந்திருக்கும் கட்டிலில் யார் படமெடுக்கிறார்கள், எந்தக் கைபேசியிலிருந்து அது முதலில் கிளம்புகிறது என்று உங்கள் அலுவலகம் ஒருநாளாவது விசாரித்ததுண்டா?

இந்தப் படங்களோடு வரும் ஒற்றை வாக்கியத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். 'கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்.' யாரும் நம்பாத வாக்கியம் அது. எழுதுகிற ஏட்டு நம்புவதில்லை, பதிந்துகொள்ளும் மருத்துவர் நம்புவதில்லை, படிக்கிற நாங்களும் நம்புவதில்லை. எல்லோரும் சேர்ந்து நம்பாமலே ஏற்றுக்கொள்கிறோம். கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள், காவலர்கள் ஏன் விழுவதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றமே 2025இல் அரசுத் தரப்பைக் கேட்டது. அதையும் நாங்கள் மீம் ஆக்கிச் சிரித்து முடித்தோம்.

சாத்தான்குளத்தில் அந்த வாக்கியம் வேறு வேடத்தில் வந்தது. 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். கைபேசிக் கடையை நேரம் கடந்து திறந்திருந்தார்கள் என்று ஒரு தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களே தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. உடல் தகுதிக்கு மருத்துவச் சான்று கிடைத்தது, ரிமாண்டும் கிடைத்தது. ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் விடிகாலையில் தந்தையும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே அங்கே ஏளனமாகப் பேசினார்கள். கேமராப் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை அவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். வன்தட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த இரவில் நடந்ததை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர். உங்கள் துறையின் மானத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அவர் வாய் திறந்ததுதான்.

திருப்புவனத்தில் வாக்கியம் மறுபடி மாறியது. 2025 ஜூனில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு வந்த பக்தர் ஒருவர், காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்றார். கோயில் காவலாளியை ஸ்பெஷல் டீம் கொண்டுபோனது. 28ஆம் தேதி அவர் உயிர் போயிற்று. தப்பி ஓட முயன்றார், வலிப்பு வந்து விழுந்தார் என்று எழுதப்பட்டது. உடற்கூராய்வில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். அவரைக் கம்பால் அடிக்கும் காட்சியை மறைந்திருந்து படமெடுத்த சாட்சி ஒளிந்திருந்த இடம் எது தெரியுமா? கழிப்பறை. இத்தனை வருடம் உங்கள் ஆட்களுக்குப் பொய் சொல்லக் கைகொடுத்த அதே கழிப்பறையின் ஜன்னல் வழியாகத்தான் உண்மை வெளியே வந்தது. கதையில் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

உருண்டார், விழுந்தார், வழுக்கினார். இம்மூன்றையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது காவலாளி இறந்த பிறகுதான். ரவுடியின் கைக்கு எழுதிய வாக்கியமும் காவலாளியின் சாவுக்கு எழுதிய வாக்கியமும் ஒரே பேனாவில் எழுதியவை. முன்னதற்கு நாங்கள் கைதட்டினோம், பின்னதற்கு மெழுகுவத்தி ஏற்றினோம். அன்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் காவலாளியின் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். சாத்தான்குளத்துக்குப் பிறகு, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்கு வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிக்கை விட்டார். அவர் சொல்லிவிட்டார். அந்தப் படங்களுக்கு விசிலடித்த நாங்கள்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பொதுஜனத்தின் தீர்ப்பு இப்படித்தான் இருக்கிறது. அடி எவ்வளவு பலம் என்று நாங்கள் பார்ப்பதில்லை. அடிபட்டவன் யார் என்று கேட்கிறோம். கடைக்காரர் என்றால் அநியாயம். செயின் பறித்தவன் என்றால் 'நல்லா வேணும்'. ஊர்க்கோடிக் குடிசைக்காரன் என்றால் கேள்வியே இல்லை. வாச்சாத்தி மக்கள் 1992இல் சீருடைக்காரர்களிடம் பட்ட கொடுமைக்குத் தண்டனைத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று, உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று.

எங்கள் கைதட்டலை நம்பி உங்கள் காவலர்கள் லத்தியை எடுத்தால் நட்டம் அவர்களுக்கும்தான். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே கைதிகள் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் அந்த மோதல் கதையை நம்ப முடியாது என்றது. பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தச் சொன்னது. பூத்தூவியவர்களில் ஒருவர்கூட அவர்களுக்கு வக்கீல் வைக்க வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். "அடிக்காம எவன் சார் நகையைக் காட்டுவான்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ரெகவரி எங்கேன்னு டெய்லி மேலேருந்து கேப்பாங்க. எஃப்.ஐ.ஆர். போட்டியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். எனக்கு அந்த இரண்டாவது பதில் முக்கியமாகப் பட்டது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று வெள்ளைக்காரன் 1872லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதிவிட்டான். ஆனால் அந்த வாக்குமூலத்தால் பொருள் கிடைத்துவிட்டால் அந்த அளவுக்கு அது செல்லும். இன்றைய புதிய சட்டத்திலும் அப்படியே. அந்தச் சின்ன இடுக்கில்தான் லத்தி நுழைகிறது. நுழைத்து விடுவது மேலிருந்து வரும் அந்தத் தினசரிக் கேள்வி. அதைக் கேட்கும் அதிகாரிகள் உங்கள் அலுவலகத்துக்கு வெகு தூரத்தில் இல்லை.

கேட்க வந்ததைச் சொல்லிவிடுகிறேன். காயத்தோடு இருக்கும் கைதியின் படம் எந்தக் காவலர் கைபேசியிலிருந்து வெளியே போனாலும் நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். செலவில்லாத வேலை. நிலையக் கேமராப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு, முடிந்தால் 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கைதானவர் 'விழுந்தார்' என்றால் விழுந்த நேரத்துப் பதிவையும் ரிமாண்ட் காகிதங்களோடு சேர்த்து நடுவர் மேசையில் வையுங்கள். பாலம் என்றால் எந்தப் பாலம் என்றாவது எழுதுங்கள். திருப்புவனத்துக்குப் பிறகு கலைக்கப்பட்ட ஸ்பெஷல் டீம்கள் வேறு பேரில் திரும்பி வரவில்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். காவல்துறை மீதான புகாரை விசாரிக்கும் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஓய்வுபெற்ற நீதிபதி இருக்க வேண்டும் என்று 2006லேயே பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன இடம் அது. சட்டத்தைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. திருத்தினால் ஆட்சேபணை இல்லை என்று அரசுக்கு ஒரு கடிதம் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு கணக்கு. கடந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிப்பறைகளில் வழுக்கி விழுந்து கை கால் முறிந்த கைதிகள் எத்தனை பேர், காவலர்கள் எத்தனை பேர்? நிலையம் வாரியாக வேண்டும். இரண்டு பத்தியிலும் எண்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், எல்லா நிலையங்களுக்கும் சொரசொரப்பான தரை ஓடு வாங்க முதல் நன்கொடை என்னுடையது. பதிலை இந்த இதழின் அலுவலக முகவரிக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவன்