குடிக்காதவர் ஈரல் ஏன் கெடுகிறது?



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் என்றதும், "காதல் கவிதை எழுதுடா" என்றார்கள் அறை நண்பர்கள். நான் எழுத வந்ததோ ஈரலைப் பற்றி! சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

என் அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர். உட்கார்ந்த இடத்திலேயே வேலை. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. போன வருடம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தது. டீக்கடையில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, நமக்குத் தெரியாம ஊத்திக்கிட்டு இருந்தீகளோ?" என்று கேட்டுவிட்டார். அப்பா ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நோயைவிட அந்தப் பேச்சுதான் அவரை வாட்டியது.

குடித்தால் ஈரல் கெடும், உண்மை. ஆனால் ஈரல் கெட்டவரெல்லாம் குடிகாரர் என்பது பொய்! சென்னையில் 541 பேரைச் சோதித்து 2009-ல் வெளியான ஆய்வில், குடியால் வராத இந்த நோய் நூற்றுக்கு 32 பேருக்கு இருந்தது. 2021-ல் மத்திய அரசே இதைத் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2023-ல் உலக மருத்துவ நிபுணர்கள், நோயாளியைப் புண்படுத்துகிறது என்று நோயின் பழைய பெயரையே மாற்றிவிட்டார்கள்.

பின்னே எங்கிருந்து வருகிறது? நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல் படிக்கிறவன். பில்டர் கெட்டால் அதற்கு வருகிற லைனைப் பார் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை என்ற மெயின் லைன் வழியாகத்தான் வருகிறது. சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். அதன் உள்சுவரை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். சத்தை உள்ளே விட்டு, கிருமியின் நஞ்சைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அந்த வரிசையில் இடைவெளி விழுந்தால் நஞ்சு நேரே ஈரலுக்குப் போய் அழற்சி உண்டாக்குகிறது.

இதற்குச் சாட்சி உண்டு. 1960, 70-களில் அமெரிக்காவில் உடல் பருமனுக்காக, சிறுகுடலின் பெரும்பகுதிக்குச் சாப்பாடே போகாதபடி இணைப்பை மாற்றி ஆபரேஷன் செய்தார்கள். எடை குறைந்தது. ஆனால் சிலருக்கு ஈரலில் கொழுப்பு ஏறி, ஈரலே செயலிழந்தது. சும்மா கிடந்த குடலில் கிருமி பெருகியதும் ஒரு காரணம் என்றார்கள். அந்த ஆபரேஷன் கைவிடப்பட்டது.

அடுத்தது சீனி. அதில் பாதி ஃபிரக்டோஸ். கொஞ்சமாக வந்தால் சிறுகுடலே சமாளித்துவிடும், அளவு மீறினால் மிச்சம் ஈரலுக்குப் போகும் என்று 2018-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் கண்டார்கள். ஈரல் அதைக் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. தொப்பை, சர்க்கரை நோய், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வாய் நம் கையில் இருக்கிறதே!

விருதுநகர் பொரிச்ச பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா — நம் ஊர்ப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. என் நாக்கும் இந்த மண்ணில் வளர்ந்ததுதான். ஆனால் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு ஐந்து பரோட்டா, அதன் தலையில் ஒரு கலர், உடனே படுக்கை! 300 மில்லி கலரில் சுமார் 30 கிராம் சீனி இருக்கும். தினமும் இப்படி இறக்கினால் இருபது அடிக் குடல் என்னதான் செய்யும்?

ஆரம்பத்தில் இந்த நோய் வலிக்காது. அதுதான் ஆபத்து. ஆனால் அப்போதே பிடித்தால் திருப்பிவிடலாம் என்பது நல்ல சேதி. 80 கிலோ இருப்பவர் மெல்ல மெல்ல ஆறு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக இறங்கும்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. கேன்டீனில் கலருக்குப் பக்கத்தில் மோரும் சுண்டலும் வரட்டும். அடுத்த மருத்துவ முகாமில் நம் இடுப்பளவையும் எடுக்கட்டும். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஈரல் நோய் என்றதும் "தண்ணியா?" என்று யாரையும் கேட்காதீர்கள்.

அப்பா இப்போது மறுபடியும் டீக்கடைக்குப் போகிறார். "சீனி இல்லாம ஒண்ணு போடுப்பா" என்று சத்தமாகவே சொல்கிறார். நாமும் சொல்லிப் பழகுவோம்!