மக்கு மாணவர்கள் தேவை

பெரக்கரை நாட்டுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டாம். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதிக்கே 'நாடு' என்றுதான் பெயர். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தால் போதும்.

அந்த வளைவுகளில் எத்தனை ஜீப்புகள் ஏறியிருக்கும்! எல்லாம் பாடம் சொல்ல. பாடம் கேட்டுக்கொண்டு எத்தனை இறங்கியது என்பதுதான் என் சண்டை.

சாமை, தினை, பனிவரகு என்று வாழ்ந்த மலை அது. கீழே சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் வாயைத் திறந்து காத்திருந்தன. மரவள்ளி மலையேறியது. துட்டு வந்தது, மறுக்கவில்லை. ரேஷன் அரிசியும் வந்தது. சாமைக் காடு சுருங்கிப்போச்சு. அரசுக் காகிதத்தில் சிறுதானியங்களுக்குப் பெயரே 'கரட்டு தானியம்' என்கிற அர்த்தத்தில்தான் இருந்தது. 2018-ல்தான் மத்திய அரசு 'ஊட்டச்சத்து தானியம்' என்று மாற்றியது. ஒரு சொல்லைக் கற்க இத்தனை வருஷம்!

நான் பி.காம். கணக்கு போட்டுக் காட்டினால்தான் எதையும் நம்புவேன். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜேம்ஸ் மார்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1991-ல் கம்ப்யூட்டரில் ஒரு நிறுவனத்தை உருவாக்கினார். 50 ஊழியர்கள். உலகத்தைப் பற்றி 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில். சரியோ தப்போ, அல்லது 'தெரியாது'. நிறுவனத்துக்கும் தனியாக ஒரு 'விதிப்புத்தகம்'. ஊழியர்கள் அதைப் பார்த்துத் தங்களை மாற்றிக்கொள்வார்கள். புத்தகமோ, தன்னைவிட நன்றாகத் தெரிந்த ஊழியர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

எல்லாரும் சமர்த்தாக, சட்டென்று கற்றுக்கொண்டால் நிறுவனம் பிரமாதமாக வரும்தானே? வரவில்லை சார்! எல்லாரும் சீக்கிரம் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். அப்புறம் புத்தகம் யாரிடம் கற்கும்? தப்போடு தப்பாக அப்படியே உறைந்துவிட்டது. ஊழியர்கள் மெதுவாகவும் புத்தகம் வேகமாகவும் கற்றபோதுதான் நிறுவனத்துக்கு அறிவு கூடியது.

நம் ஆட்கள் செய்வது நேர் தலைகீழ். ஜனங்கள் உடனே கற்க வேண்டும். ஆபீஸ் 2018 வரைக்கும் யோசிக்கும்.

நல்லவேளை, மலையில் சில 'மக்கு மாணவர்கள்' இருந்தார்கள். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்று காட்டோரத்தில் கொஞ்சம் விதைத்துக்கொண்டே இருந்தார்கள். சில ரகம் சீக்கிரம் விளையும், சில நாள் எடுக்கும். மழை எந்தப் பக்கம் ஏமாற்றினாலும் ஏதோ ஒன்று வீடு வந்து சேரும். ஐ.நா. 2023-ஐ சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது மேடைகளில் பேசினார்களே, அந்தப் பெருமைக்கெல்லாம் விதை காத்தவர்கள் இவர்கள் மாதிரி ஆட்கள்தான். அன்றைக்கு இவர்களுக்குக் கிடைத்த பட்டம், பின்தங்கியவர்கள்.

கேட்கத் தெரிந்தவர்களும் உண்டு. 1990-களில் மலைக்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், சாமையை ஏன் விட்டீர்கள் என்று விசாரித்தது. பெண்கள் சொன்ன காரணங்களில் ஒன்று உரலும் உலக்கையும். உமி போகக் குத்திக் குத்தித் தோள் கழன்றுவிடும். பிறகு ஊர்களில் மில் வந்தது, மகளிர் குழுக்கள் மதிப்புக்கூட்டி விற்றன. விட்ட நிலம் எல்லாம் திரும்பிவிடவில்லைதான். ஆனால் அந்த மில், புத்தகம் ஜனங்களிடம் கற்ற பாடம்.

பயிற்சி முகாம் என்றால் வருகைப் பதிவேட்டில் விவசாயிகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். எத்தனை பேர் கற்றார்கள் என்று ரிப்போர்ட் போகிறது. பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட எவ்வளவு மை செலவாகும்? 'இன்று அதிகாரி கற்றது என்ன?'