எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி ஊரவர்க்கு ஒரு மடல்

வடமராட்சியிலுள்ள என் ஊர்ப் பெற்றோருக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

புலமைப் பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகுங்காலந்தோறும், சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களைத் தாங்கிய பதாகைகள் சந்தியில் ஏறுவதையும், அச்செலவில் ஒரு பங்கு ரொறன்ரோவிலிருக்கும் எங்களிடமிருந்தே வருவதையும் நான் சந்தோஷத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறேன். ஆயினும், வாய்மொழியாகக் கேட்டால் எதற்கும் விடை சொல்லிவிட்டு, புத்தகத்தை விரித்ததும் நாக்குழறி நிற்கின்ற பிள்ளையொன்று அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கிறதே, அதன் படம் எந்தப் பதாகையிலும் ஏறுவதில்லையாதலால், அதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

அத்தகைய பிள்ளையை மோடன் என்றும் சோம்பேறி என்றும் தீர்ப்பிட்டு, பள்ளி விட்டதும் ரியூசனுக்கும், ரியூசன் விட்டதும் தாயின் அடிமட்டத்துக்கும் ஒப்புக்கொடுப்பது நம்மவர் வழக்கம். கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிக் குறையேதுமில்லை என்று நிச்சயித்த பின்னரும் வாசிப்பு மட்டும் கைகூடாதிருக்குமாயின், அது டிஸ்லெக்சியா எனப்படும் இடர்ப்பாடாக இருக்கக்கூடும். 1896ஆம் ஆண்டில் பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், வாசிக்க மாட்டாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதியபோது, பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலே முதல்வன் இவனே என்று அவனுடைய உபாத்தியாயர் கூறியதையும் சேர்த்தே பதிவு செய்தார். சிரமம் புத்தியில் அன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதிலேதான்.

நம் எழுத்தோ இவ்விஷயத்தில் தாட்சணியம் காட்டுவதில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் என் பேரன் ‘கொக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் வாயெடுப்பது எகரத்தில். ஏனெனில் கண்ணுக்கு முதலில் அகப்படுவது கொம்பு, காதுக்கு முதலில் வரவேண்டியதோ ககரம், மிஞ்சிய காலோ அப்புறத்தில் தனியே நிற்கிறது. ‘கௌ’ என்பதன் வாலை ளகரமென்றே வாசித்து முடிப்பான். ஒரு தட்டிலே அரிசியைப் பரப்பி, முதலில் ககரத்தை விரலால் எழுதுவித்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லச் செய்து, பின்னரே கொம்பையும் காலையும் இருபுறமும் வைக்கப் பழக்கியதில் அந்தத் தடுமாற்றம் படிப்படியாகக் குறைந்தது. கண், காது, கை மூன்றையும் ஒருங்கே இயக்கும் இம்முறையைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஓர்ட்டன், கில்லிங்ஹம் என்னும் இருவர் ஒழுங்குபடுத்தினர். நாமோ வித்தியாரம்பத்தன்று மட்டும் அரிசியில் எழுதுவித்து, மறுநாளே அதைச் சோறாக்கி விடுகிறோம்!

வீட்டுவேலையில் நான் கைக்கொள்ளும் நியதி ஒன்றே: பாடம் வாசிப்பாக இல்லாதவிடத்து, வாசிக்கும் பாரத்தைப் பெரியவர் சுமக்கலாம். கணக்கை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை செய்யட்டும். ஒன்றும் பத்தும் இடம் மாறாமலிருக்கச் சதுரக் கோடிட்ட கொப்பி கொடுங்கள். சுற்றாடல் பாடத்தின் விடையை முதலில் வாயால் சொல்லவிட்டு, இரண்டொரு வரி மட்டும் எழுதுவியுங்கள். எழுத்துப் பிழைகள் அத்தனையையும் சிவப்பு மையால் சுழிப்பது வேண்டாம். வாசிப்புக்கென்று பிரத்தியேகமாகக் கால்மணி நேரம் ஒதுக்கி, இருவரும் சேர்ந்தே உரக்க வாசித்து, தடுமாறும் சொல்லை நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். குறித்த நேரம் முடிந்ததும், வேலை முடியாவிட்டாலும் கொப்பியை மூடி, இவ்வளவு நேரம் முயன்றான், இவ்வளவே ஆயிற்று என்று ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். அதைச் செல்லம் கொடுப்பதென்று கருதும் ஆசிரியரும் இருப்பார். நேரிற் கண்டு பேச வேண்டியதுதான்.

இங்கே யாவும் செம்மையென்று எண்ணிவிடாதீர்கள். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளை ஒன்ராறியோவின் பொதுப் பாடசாலைகள் கைவிட்டு வருகின்றன என்று இம்மாகாணத்தின் மனித உரிமை ஆணைக்குழுவே விசாரித்து 2022இல் அறிக்கையிட்டது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இம்முறை பதாகைக்கென்று நாங்கள் அனுப்பும் பணத்தை, ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர் விசேட கல்வியில் பயிற்சி பெறுவதற்கு ஒதுக்குவீர்களாயின், இங்கே எவரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். கேட்பவர் இருந்தால், அவருக்கு மறுமொழி சொல்வது என் பொறுப்பு.

இங்ஙனம்,
உங்கள் ஊரவன்,
ரொறன்ரோ